ஓட்டுப் போடும் நாளில் தெரு முதியவர்களைக் காரில் பூத்துக்கு அழைத்துப் போகலாமா? (கடலூர்)

கெடிலக்கரை கேட்டது:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்காகக் கேட்கிறேன். தனியாக நடந்து போய் ஓட்டுப் போட முடியாதவர்கள் என்று கணக்கெடுத்ததில் 40 பேர் வந்திருக்கிறார்கள். முழங்கால் வலி, பக்கவாதம், கண் பார்வை மங்கல், வீல்சேர் எல்லாம் சேர்த்து. பூத் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில். ஆறு பேர் சொந்தக் கார் தரவும் ஓட்டவும் தயார். பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்கும். எந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லை.

இலவசமாக அழைத்துப் போவது சட்டப்படி சரியா? ஆறு வண்டி போதுமா, எப்படிச் சுற்று பிரிப்பது? வீல்சேர் ஆட்களை ஏற்றி இறக்க என்ன வழி? 40 பேரில் இரண்டு பேருக்கு ஓட்டு புதுச்சேரியின் பாகூர் பக்கம் இருக்கிறது. எல்லை தாண்டிப் போவதில் ஏதாவது சிக்கல் உண்டா?

---

வக்கீல்_குமாஸ்தா:

முதல் கேள்விதான் முக்கியம், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(5). வாக்காளரை வாக்குச்சாவடிக்கு இலவசமாக ஏற்றிப் போகவோ திரும்பக் கொண்டு விடவோ வண்டி வாடகைக்கு எடுப்பது, ஏற்பாடு செய்வது, ஓட்டுவது எல்லாமே ஊழல் நடவடிக்கை. காசு கொடுத்து எடுத்தாலும் சரி, நண்பரிடம் சும்மா வாங்கினாலும் சரி. ஆனால் இதைச் செய்பவர் யார் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: வேட்பாளர், அல்லது அவருடைய முகவர், அல்லது வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ சம்மதித்து வேறு யாராவது. இந்தத் தொடர்பு நிரூபணமானால் ஜெயித்தவரின் தேர்தலே ரத்தாகலாம், ஆறு வருஷம் வரை தகுதியிழப்பும் வரலாம். வண்டி விஷயத்துக்கென்று பிரிவு 133 தனியாக மூன்று மாதம் வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது.

சட்டமே விட்டிருக்கும் விதிவிலக்கு: வாக்காளர் தன் செலவில், அல்லது பல வாக்காளர்கள் சேர்ந்து பங்கு போட்டு, தங்களுக்காக இயந்திரத்தால் ஓடாத ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்தலாம். பஸ், ரயில் மாதிரிப் பொது வண்டியில் டிக்கெட் எடுத்துப் போகலாம். நாலு பாட்டிகள் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு ஆட்டோ பிடித்தாலும், வேட்பாளர் தரப்பு அதில் இல்லாத வரை 123(5) தொடாது.

இந்தப் பிரிவில் வண்டியோடு படகும் சேர்த்தி. முதுநகர் பக்கம் உப்பனாறு தாண்டி ஆட்களைக் கொண்டு வர நினைப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.

ஆக, வேட்பாளர் வாடையே இல்லாத நலச்சங்கம் 123(5)-இல் நேராக விழாது. சங்க நிர்வாகியில் ஒருவர் கட்சிப் பொறுப்பில் இருந்தால் கதை வேறு. "சம்மதம்" என்பதை எழுத்தில்தான் காட்ட வேண்டும் என்றில்லை, சூழ்நிலையை வைத்தும் வாதாடுவார்கள்.

---

சாவடிப்பெட்டி:

மேலே சொன்னது சட்டத்துக்குச் சரி. தெருவில் வண்டியை நிறுத்தப் போவது 123(5) இல்லை, வாக்குப்பதிவு நாள் வாகனக் கட்டுப்பாடு. அதைப் பார்க்காமல் இறங்காதீங்க.

அன்றைக்குத் தேர்தல் ஆணையம் தனியார் வண்டிக்கு விடுவது இவ்வளவுதான்: உரிமையாளர் தேர்தலுக்குச் சம்பந்தமில்லாத தன் சொந்த வேலைக்குப் போகலாம். தானும் தன் குடும்பமும் ஓட்டுப் போடப் போகலாம், பூத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி நிறுத்திவிட வேண்டும். உடம்பு முடியாதவர், மாற்றுத்திறனாளி தன் உபயோகத்துக்கு வண்டி வைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ், பால், தண்ணீர், மின்சார வண்டிகள் தனி. இந்தப் பட்டியலில் "நலச்சங்கக் கார் பக்கத்து வீட்டு முதியவரை மாற்றி மாற்றி ஏற்றுவது" என்று ஒரு வரி கிடையாது. அதே காரில் காலையிலிருந்து நாலு தடவை வேறு வேறு ஆட்கள் இறங்கினால் பறக்கும் படை நிறுத்தும். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் எதிர்க்கட்சி ஏஜென்ட் ஒரு வீடியோ போட்டால் 100 நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு இலக்கு, உடனே வந்துவிடுவார்கள். நீங்கள் நிரபராதி என்று விளக்கி முடிப்பதற்குள் மணி ஆறாகிவிடும்.

அதனால் ஆறு கார் வேண்டாம். முதலில் பட்டியலைக் குறையுங்கள்.

85 வயது தாண்டியவர்கள், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனச் சான்று உள்ளவர்கள்: வீட்டிலிருந்தே தபால் ஓட்டு. அதற்கான விண்ணப்பம் படிவம் 12டி. முன்பு 80 வயதாக இருந்ததை 2024 மார்ச்சில் 85 ஆக்கிவிட்டார்கள், பழைய ஞாபகத்தில் 82 வயதுக்காரரிடம் ஆசை காட்டாதீங்க. தேர்தல் அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கே கொண்டு வருவார், வராவிட்டால் நீங்கள் தேடிப் போய் வாங்குங்கள். பிறகு அலுவலர் குழு, போலீஸ், வீடியோ கேமராவோடு சொன்ன தேதியில் வீட்டுக்கு வரும். அன்று ஆள் இல்லை என்றால் இன்னொரு தடவை வரும். அதற்கும் இல்லை என்றால் அவ்வளவுதான்.

வருகிற சிக்கலே இங்கேதான். 12டி கொடுத்து ஏற்கப்பட்டவர் பெயருக்கு எதிரே பட்டியலில் தபால் ஓட்டுக் குறி விழுந்துவிடும். அவர் பூத்துக்கு வந்தால் ஓட்டுப் போட விட மாட்டார்கள். மகன் ஃபாரம் கொடுத்தது அப்பாவுக்கே தெரியாமல் இருக்கும், நீங்கள் வெயிலில் அவரைத் தூக்கி வந்து திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் "12டி கொடுத்தாச்சா" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

12டிக்குள் வராத மாற்றுத்திறனாளிகள், 85-க்குக் கீழே நடக்க முடியாதவர்கள்: தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டு வீல்சேர், வண்டி வசதி கேட்கலாம். செயலி வராதவர்கள் தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் போடலாம். கேட்டவர்கள் எல்லோருக்கும் வண்டி வந்துவிடும் என்று நம்பி உட்காராதீங்க, ஆனால் கேட்டு வைத்தால் பூத்தில் வீல்சேராவது தயாராக இருக்கும்.

மகன், மகள் வீட்டில் இருப்பவர்கள்: அவர்கள் குடும்ப வண்டியிலேயே வரட்டும். உங்களுக்கு அதில் வேலை இல்லை.

சும்மா தூரம்தான் பிரச்சினை என்பவர்கள்: பங்கு ஆட்டோ, காசு அவரவர் கையிலிருந்து.

இப்படிக் கழித்தால் 40 பேர் 15 ஆகிவிடுவார்கள். அந்தப் பதினைந்து பேருக்கு மட்டும் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர் பெயருக்கு மனு எழுதுங்கள். நகல் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் உங்கள் காவல் நிலையத்துக்கும். வண்டி எண், ஆர்சி, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் நகல்கள், வாக்காளர் பெயர், பாகம் எண், வரிசை எண், எந்த நேரம் எந்த வழி. "எந்த வேட்பாளருக்கும் தொடர்பில்லை, மாற்றுத்திறனாளி வாக்காளர் வசதிப் பட்டியலோடு எங்களையும் இணைத்துக்கொள்ளவும்" என்று கேளுங்கள். பத்து நாள் முன்னால் கொடுத்தால்தான் யாராவது பார்ப்பார்கள். அனுமதிச் சீட்டு கிடைத்தால் அசலை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. பதில் வரவில்லை என்றால் "மௌனம் சம்மதம்" என்று கிளம்பிவிட வேண்டாம், பங்கு ஆட்டோ வழிக்குத் திரும்புங்கள்.

---

வக்கீல்_குமாஸ்தா:

பக்கத்து வீட்டுக் கண் தெரியாத பெரியவரை ஒரே ஒரு தடவை ஸ்கூட்டரில் ஏற்றிப் போகவும் மனு எழுத வேண்டுமா? சட்டம் அவ்வளவு கடுமை இல்லை. சாவடிப்பெட்டி சொல்வது கூட்டமாக, சுற்றுச் சுற்றாக ஓட்டுவதற்கு.

---

சாவடிப்பெட்டி:

ஆமாம், சுற்றுக்குத்தான். ஒருவர் ஒருவரை ஏற்றி வருவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

---

கெடிலக்கரை:

நன்றி. 12டி பற்றி யோசிக்கவே இல்லை. 15 பேர் என்று வைத்துக்கொண்டால் எத்தனை வண்டி? எந்த நேரம் நல்லது?

---

சாவடிப்பெட்டி:

இரண்டு வண்டி. ஒரு வண்டிக்கு இரண்டு முதியவர், ஒரு துணை ஆள், ஓட்டுநர். மூன்று முதியவரை அடைக்காதீங்க, இறக்கி ஏற்றுவதற்கே பாதி நேரம் போகும். 15 பேருக்கு எட்டு நடை, வண்டிக்கு நாலு. வீட்டு வாசலில் ஆளுக்குப் பத்து நிமிடம், பூத்தில் பெரும்பாலும் 20-30 நிமிடம், திரும்ப விட்டு அடுத்த வீட்டுக்கு. ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள், ஒன்றரை கிலோமீட்டர்தானே என்று அரை மணி போட்டால் முதல் சுற்றிலேயே கணக்கு உடையும்.

காலை ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டாம். மாதிரி வாக்குப்பதிவை அதிகாலையிலேயே நடத்திவிடுவார்கள் என்றாலும் மெஷின் தகராறு வந்தால் முதல் அரை மணியில்தான் வரும். வாக்கிங் முடித்து நேரே வருகிற கூட்டமும் அப்போதுதான். ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடித்துவிடுங்கள். மதியம் 12-லிருந்து 3 வரை வரிசையே இருக்காது, ஆனால் ஏப்ரல் வெயிலில் கடலூரில் 75 வயதுக்காரரை வெளியே இறக்க மனசு வராது. விட்டுப்போனவர்களுக்கு நாலு மணிக்கு மேல் ஒரு நடை. ஆறு மணிக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் சீட்டு கொடுப்பார்கள், கடைசியில் நிற்பவரிலிருந்து முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பின் வந்தால் கிடையாது. (கடைசி நேரம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2021-இல் கொரோனாவால் ஏழு மணி, 2024-இல் ஆறு மணி. அறிவிப்பைப் பாருங்கள்.)

முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வரிசையில் முன்னுரிமை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், வாசல் போலீஸிடமே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாளே பார்க்க வேண்டியது: ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண், பூத் இருக்கும் அறை. 2025 கடைசியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் பட்டியல் புதிதாகத் தயாரானது. ஒரு பூத்துக்கு 1,200 வாக்காளருக்கு மேல் கூடாது என்று பிரித்ததில் அறைகளும் கட்டடங்களும் மாறியிருக்கும். "போன தடவை போட்ட ஸ்கூல்தான்" என்று ஏற்றிப் போனால் அந்தத் தவறுக்கு மட்டும் முக்கால் மணி அழியும். ஒரே பள்ளியில் நாலு பூத் இருந்தால் ஒரே அறைக்காரர்களைச் சேர்த்து ஏற்றுங்கள்.

பிஎல்ஓ தரும் வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் காட்டினால் செல்லாது. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், போட்டோ ஒட்டிய பாங்க் பாஸ்புக், பென்ஷன் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் இப்படி ஏதாவது ஒன்று அசல். கிளம்பும்போது ஓட்டுநர் கேட்க வேண்டியது "கார்டு கையில இருக்கா", பையில் இருக்கிறதா என்பதில்லை. பையிலிருந்து எடுப்பதற்குள் பாட்டிக்குப் பதற்றம் வந்துவிடும்.

போனை ஓட்டுப் போடும் அறைக்குள் கொண்டு போக முடியாது. அதனால் "வெளியே வந்து போன் பண்ணுங்க" என்ற ஏற்பாடு உதவாது. வெள்ளைக் காகிதத்தில் வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம், ஓட்டுநர் போன் எண், எந்த மரத்தடி என்று பெரிதாக எழுதி சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வெள்ளைக் காகிதம் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். கலர் தாள், நோட்டீஸின் பின்பக்கம் எதுவும் வேண்டாம்.

---

சக்கரநாற்காலி:

ஏற்றி இறக்குவது பற்றி. பெரிய வண்டி நல்லது என்று நினைத்துப் பொலேரோ, ஸ்கார்பியோ எடுத்து வருவார்கள். முழங்கால் மடங்காதவருக்கு அந்த உயரம் ஏறவே ஏறாது. தாழ்ந்த செடானிலும் உட்காரும்போது தொப்பென்று விழுவார், எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். நின்றால் சீட் தொடை உயரத்துக்கு வர வேண்டும், வேகன்-ஆர் மாதிரி உயரமான சின்ன வண்டிதான் வசதி. வீல்சேரை மடித்து டிக்கியில் வைத்தே பார்த்துவிடுங்கள். சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டியில் இடமே இருக்காது.

முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வீல்சேரைக் கதவோரம் சாய்வாகக் கொண்டு வந்து இரண்டு பிரேக்கும் போட்டு, கால் தட்டை மேலே மடக்கிவிடுங்கள். மடக்காமல் அதன்மேல் மிதித்து நின்றால் நாற்காலி முன்னால் கவிழும், அதிகம் நடக்கும் விபத்து இதுதான். பக்கவாதக்காரரை அவருடைய நல்ல பக்கம் வண்டியை ஒட்டி வருகிற மாதிரி நிறுத்துங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், செயலிழந்த தோள் நழுவிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட்டோ மடித்த துண்டோ கட்டி அதைப் பிடியுங்கள். முதலில் புட்டம் சீட்டில் உட்கார வேண்டும், தலை இடிக்காமல் கை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். சீட்டில் ஒரு வழுவழு பாலிதீன் பை போட்டால் திருப்புவது எளிது. திருப்பியதும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்குவார்.

பூத்தில் சாய்தளம் போட்டிருப்பார்கள். சில பள்ளிகளில் மணல்மூட்டையும் பலகையும்தான். இறங்கும்போது வீல்சேரைப் பின்பக்கமாக இறக்குங்கள். முந்தின நாள் மாலையே போய்ப் பார்த்து, சாய்தளம் செங்குத்தாக இருந்தால் பிஎல்ஓவிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

தண்ணீர், துண்டு, ஓஆர்எஸ் பாக்கெட், சர்க்கரை நோயாளிக்கு இரண்டு பிஸ்கட். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூத்தில் கழிவறை உண்டு, ஆனால் பள்ளியின் கடைக்கோடியில் இருக்கும்.

உள்ளே துணைக்குப் போவது பற்றி யாரும் சொல்லவில்லை. தேர்தல் நடத்தும் விதிகள் 1961-இன் விதி 49என் படி, கண் தெரியாதவரோ, சின்னத்தை அடையாளம் காணவோ பட்டனை அமுக்கவோ முடியாதவரோ 18 வயது நிரம்பிய ஒரு துணையை ஓட்டுப் போடும் மறைவிடத்துக்குள் அழைத்துப் போகலாம். துணை போனவர் ரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை. ஆக உங்கள் தன்னார்வலர் காலையில் ஒருவருக்குத் துணை போனால் அடுத்தவருக்கு எங்கேயும் போக முடியாது. பட்டியலில் அப்படி ஐந்து பேர் இருந்தால் ஐந்து தனித்தனி ஆள், முடிந்தவரை அவரவர் வீட்டு ஆள். கால் மட்டும் முடியாதவருக்கு இது பொருந்தாது. கையைப் பிடித்துப் பூத்துக்குள் கூட்டிப் போகலாம், மறைவிடத்துக்கு அவர் தனியாகத்தான் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் காரணம் ஆகாது.

---

முள்ளோடை_வழி:

பாகூர் ஆட்கள் இரண்டு பேருக்கு. சொந்தக் கார் எல்லை தாண்டத் தனிப் பர்மிட் எதுவும் வேண்டாம். கடலூர் ஆட்டோவை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள், மஞ்சள் போர்டு வண்டிக்கு மாநிலம் மாறினால் பர்மிட்டும் வரியும் வேறு. டிஎன் 31 நம்பர் பார்த்தால் எல்லையில் முள்ளோடைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள், திரும்பும்போது ஆல்பேட்டையில். டிக்கி திறக்கச் சொல்வார்கள், வீல்சேர் மேலே இருக்கட்டும்.

பாட்டில் ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே மதுவிலக்கு, புதுச்சேரியிலும்தான். ரொக்கம் ₹50,000 தாண்டினால் ஆவணம் கேட்பார்கள். போன வாரம் கல்யாணத்துக்குப் போன வண்டியில் மறந்து கிடக்கும் பையையும் ஒரு தடவை பாருங்கள்.

கலெக்டர் ஆபீஸ் கடலூரில் கொடுக்கும் அனுமதிச் சீட்டு புதுச்சேரிக்குள் செல்லாது. இரண்டு பேருக்காக அங்கே ஒரு மனு எழுதுவதைவிட, பாகூரில் இருக்கும் சொந்தக்காரரை வந்து கூட்டிப் போகச் சொல்வது சுலபம். இல்லாவிட்டால் பாகூர் போகும் பஸ்ஸில் ஒரு துணையோடு.

தேதியையும் தனியாகப் பாருங்கள். 2021-இலும் 2024-இலும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடந்தது. எப்போதும் அப்படியே இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

---

கெடிலக்கரை:

மிக்க நன்றி. கடைசியாக இரண்டு. வண்டி அலங்காரத்தில் என்ன பார்க்க வேண்டும்? ஏதாவது அடிபட்டால் இன்சூரன்ஸ்?

---

வக்கீல்_குமாஸ்தா:

பின் கண்ணாடியில் தலைவர் படம், டாஷ்போர்டில் கொடி, கட்சிக் கரை போட்ட துண்டு, சின்னத்தை ஞாபகப்படுத்தும் பொம்மை எல்லாம் கழற்றிவிடுங்கள். பூத்திலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதும் அடையாளம் காட்டுவதும் பிரிவு 130-இல் வரும். ரிங்டோன் கட்சிப் பாட்டாக இருந்தால் மாற்றுங்கள். பூத்துக்கு வெளியே கட்சிக்காரர் போட்டிருக்கும் மேசைப் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள், அங்கே மோர் குடித்தாலே படம் எடுத்துவிடுவார்கள். வண்டிக்குள் யாருக்குப் போடுவது என்ற பேச்சு வந்தால் ஓட்டுநர் பேச்சை மாற்ற வேண்டும். தன் கருத்தைச் சொல்வதோ "அவருக்கே போடுங்க" என்று சிரிப்பதோ வேண்டாம்.

இன்சூரன்ஸ்: தர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த சொந்தக் காரில் சும்மா ஏறி வருபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பேக்கேஜ் பாலிசி, அதாவது ஃபுல் இன்சூரன்ஸ் உள்ள காரில் உள்ளே இருப்பவர்களும் அடங்குவார்கள். இரண்டு வண்டிதானே தேவை, அப்படிப் பாலிசி உள்ள இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் என்று வெள்ளை போர்டு வண்டியில் வாங்கினால் அது வாடகை ஓட்டம் ஆகிவிடும், இன்சூரன்ஸும் கைவிடும். அனுமதி கிடைத்த கார் என்றால் காசே வாங்காதீர்கள். காசு பங்கு போடுவது மஞ்சள் போர்டு ஆட்டோவில் மட்டும்.

---

சாவடிப்பெட்டி:

ஒன்று விட்டுப்போச்சு. ஓட்டுநர்கள் தங்கள் ஓட்டை ஏழு மணிக்கே போட்டுவிட்டு வண்டியை எடுக்கட்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, கடைசி நடையில் மாட்டிக்கொண்டால் தன் ஓட்டு போய்விடும். பூத் வீல்சேரை வண்டி வரை தள்ளி வந்தால் திரும்ப உள்ளே விட்டுவிட்டு வாருங்கள், பல பூத்துக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும்.